பள்ளியின் தற்சார்பு: திண்ணைப் பள்ளியும் ஆதாரக் கல்வியும்

பள்ளிக்கூடம் தன் செலவைத் தானே ஈட்டிக் கொள்ளுதல் இயலுமா, இயலுமாயின் அது தகுமா என்னும் வினா, இந்தியக் கல்வி வரலாற்றில் 1937ஆம் ஆண்டு வெளிப்படையாக எழுந்தது. எழுப்பியவர் காந்தியடிகள். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் 'ஹரிஜன்' இதழில் அவர் வெளியிட்ட கருத்து, நாட்டின் கல்வியாளரை இரு பகுதியினராகப் பிரித்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1953இல், அதே வினா வேறொரு கோலத்தில் தமிழகத்தில் தோன்றி ஒரு முதலமைச்சரின் பதவி விலகலுக்கே காரணங்களுள் ஒன்றாயிற்று. முன்னதும் பின்னதும் ஒன்றே என்று கருதுவார் உளர். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்று வாதிடுவாரும் உளர். இரண்டும் முழுமையான உண்மை ஆகா என்பது என் கருத்து. 'தற்சார்பு' என்னும் சொல் எவ்வெப் பொருளில் ஆளப்பட்டது, எவரை நோக்கி ஆளப்பட்டது என்று பிரித்துக் காணின் இச்சிக்கல் பெரும்பாலும் விடுபடும். அங்ஙனம் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வி பற்றிய பேச்சில் தற்சார்பு என்பது இருவேறு பொருள் தரும். பள்ளி என்னும் நிறுவனம் பிறர் பொருளை எதிர்பாராது தன் வருவாயால் நடைபெறுதல் ஒன்று. அப்பள்ளியிற் பயின்றவன் பிறர் கையை எதிர்பாராது வாழும் ஆற்றல் பெறுதல் மற்றொன்று. முன்னது கணக்கைப் பற்றியது. பின்னது மனிதனைப் பற்றியது. தற்சார்போடு எப்பொழுதும் இணைத்துப் பேசப்படும் 'அளவுடைமை' என்னும் கருத்தும் இத்தகையதே. திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தின் இறுதி நான்கு குறட்பாக்கள் வரவுக்கும் செலவுக்கும் ஈகைக்கும் அளவு கூறுவன. அவ்வதிகாரம் நிற்கும் இடம் பொருட்பாலில் அரசியல் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். செலவிடப் பொருள் உடையவனுக்கே வள்ளுவர் அளவு கூறினார். பொருளே இல்லாதவனிடம் அளவோடு வாழ்க என்று சொல்வது அறிவுரை ஆகாது. பள்ளிகளின் தற்சார்பு வரலாற்றை ஆராயும்போது இவ்வேறுபாடு மீண்டும் மீண்டும் நம் முன் வந்து நிற்கும்.

காந்தியடிகளுக்கு நெடுங்காலம் முன்னரே நம் நாட்டில் அரசின் பொருளுதவியை எதிர்பாராது நடந்த பள்ளிகள் இருந்தன. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் மாவட்டந்தோறும் பள்ளிகளின் நிலையை அறிந்து கூறுமாறு ஆணையிட்டார். அவ்விவரங்களைத் தொகுத்து அவர் 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர். ஆசிரியரின் வருவாய் மாணவர் தரும் சம்பளமே. திங்களுக்கு ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேற்படுவதில்லை என்று மன்றோ எழுதுகின்றார். பள்ளிக்கெனக் கட்டடம் பெரும்பாலும் இல்லை. ஒரு வீட்டுத் திண்ணையோ கோயில் மண்டபமோ மரநிழலோ போதும். எழுத்துப் பயிலத் தரையிற் பரப்பிய மணல். அது தேறியபின் ஓலையும் எழுத்தாணியும். இளைய மாணவர்க்கு மூத்த மாணவர் சொல்லிக் கொடுப்பர். அவருள் தலைவனாகிய சட்டாம்பிள்ளையின் அதிகாரம் ஆசிரியரின் அதிகாரத்துக்கு அடுத்தது. அறுவடையில் தானியமும், நவராத்திரியில் மாணவர் வீடுதோறும் சென்று பாடிப் பெற்றுவரும் பரிசிலும் ஆசிரியரின் இல்லத்தைத் தாங்கின. இதனினும் குறைந்த செலவில் ஒரு பள்ளியை நடத்துதல் இயலாது.

இச்சிக்கனம் மேலைநாட்டார் கருத்தையும் கவர்ந்தது. சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கிய ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு, அம்முறையையும் மாணவரைக் கொண்டே மாணவரைக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் மேற்கொண்டார். அவர் 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்று இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிற் பரவிற்று. இங்கே ஊரார் அனைவர்க்கும் உரிய பள்ளியின் வழக்கமாக இருந்தது, அங்கே ஏழைகளுக்கெனத் தனியே வகுத்த மலிவான முறையாக மாறியதைக் காண்க. சிக்கனத்தைப் போற்றுவோர் பெரும்பாலும் அதைத் தம் பிள்ளைகளுக்கு வேண்டுவதில்லை.

திண்ணைப் பள்ளியைப் புகழ்வார் பலர் அதன் மற்றொரு பக்கத்தைக் கூறாது விடுவர். மன்றோ தந்த 1,88,650 பேரில் சிறுமியர் 4,540 பேரே. தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு ஊர்த் திண்ணையில் இடமில்லை. ஆசிரியருக்குச் சம்பளம் தர இயலாதவன் பிள்ளையும் பெரும்பாலும் வெளியே நின்றான். பெற்றோர் கையில் தானியம் உள்ளவரையில்தான் அப்பள்ளி வாழும். பெல்லாரி மாவட்டக் கலெக்டராக இருந்த காம்பெல் 1823இல் மன்றோவின் வினாவுக்கு எழுதிய விடையில், இப்பள்ளிகளின் சிக்கனத்தைப் பாராட்டிவிட்டு, நாட்டு மக்கள் வறுமையுற்றதனாற் பல ஊர்களிற் பள்ளி மறைந்தது என்று வருந்துகின்றார். ஊர் வளமாக இருந்தாலன்றிப் பள்ளி தற்சார்பாக இராது. ஊர் வறுமையுற்றால் தற்சார்பின் சுமை முதலில் விழுவது பிள்ளையின் மேல்தான்.

காந்தியடிகள் இதனை அறியாதவர் அல்லர். ஆயினும் அவருடைய கருத்து திண்ணைப் பள்ளியிலிருந்து பிறந்ததன்று, தென்னாப்பிரிக்காவிற் பிறந்தது. 1910இல் ஹெர்மன் காலன்பாக் என்னும் நண்பர் ஜோகனஸ்பர்க் நகருக்கு அருகில் தந்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் குறைந்த செலவில் வாழ்வதற்கென ஏற்பட்ட இடம் அது. அவருள் தமிழர் பலர். பிள்ளைகள் இருந்தமையால் பள்ளி வேண்டியதாயிற்று. பொருள் இல்லாமையால் ஆசிரியரை வெளியிலிருந்து வரவழைக்க இயலவில்லை. காந்தியடிகளும் காலன்பாக்குமே முதன்மையான ஆசிரியர்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் சிறிது இலக்கணமும் காந்தியடிகளே கற்பித்தார்; தமக்குத் தெரிந்த தமிழ் போப்பையரின் கைந்நூலிலிருந்து கற்ற அளவே என்று அவர் தம் வரலாற்றில் ஒளியாது கூறுகின்றார். காலன்பாக் ஒரு கிறித்தவத் துறவியர் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்து பிறர்க்குக் கற்பித்தார். தச்சு, சமையல், தோட்டவேலை, கழிவகற்றல் எல்லாம் பெரியோரும் சிறியோரும் சேர்ந்தே செய்தனர். ஆசிரியன் தான் செய்யாத வேலையை மாணவனுக்கு இடலாகாது என்பது அப்பண்ணையின் விதி.

அங்கு நேர்ந்த இடர்ப்பாடு ஒன்றும் நோக்கத்தக்கது. காலை முழுதும் உடலுழைப்பிற் கழியும். ஆதலின் எழுத்துக் கல்விக்கு நண்பகல் உணவுக்குப் பிந்திய நேரமே எஞ்சியது. அந்நேரத்தில் மாணவரும் உறங்கினர், ஆசிரியரும் உறங்கினர். கண்ணில் நீர் தெளித்துக் கொண்டும் பிள்ளைகளோடு விளையாடியும் உறக்கத்தை ஓட்ட வேண்டியிருந்ததைக் காந்தியடிகள் எழுதியுள்ளார். உழைப்பும் படிப்பும் இணைதல் வேண்டும் என்பார் அனைவரும் இச்சிறு செய்தியைத் தம் சுவரில் எழுதி வைத்துக் கொள்ளலாம்.

இனி 1937ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு வருவோம். அவ்வாண்டு மாகாணங்கள் பலவற்றிற் காங்கிரசு அமைச்சரவைகள் அமைந்தன. இரு கடமைகள் அவற்றின்முன் நின்றன: மதுவிலக்கை நிறைவேற்றல், கட்டாயக் கல்வியைப் பரப்பல். அக்காலத்தில் மாகாண வருவாயிற் பெரும்பங்கு கள், சாராய வரி. கல்விச் செலவு அதனையே பெரிதும் சார்ந்து நின்றது. மதுவை விலக்கினால் பள்ளி குறையும். பள்ளியைப் பெருக்க வேண்டின் மதுக்கடை நிற்க வேண்டும். தந்தை குடிக்கும் காசில் மகன் படிக்கின்ற இழிநிலையைக் காந்தியடிகளாற் பொறுக்க இயலவில்லை. இக்கட்டுப்பாட்டிலிருந்து விடுபடும் வழியாகவே, மாணவரின் கைத்தொழிற் பயனால் பள்ளி தன் செலவை ஈட்டிக் கொள்ளலாம் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அதனால் இழந்த வருவாயை ஈடுசெய்ய அவர் கண்ட வழி 1939இல் வந்த விற்பனை வரி. ஒரே இடருக்கு இருவர் கண்ட இரு விடைகள் இவை. ஒன்று மாணவன் நூற்கும் நூலை நோக்கிற்று; மற்றொன்று வணிகன் கடையை நோக்கிற்று. சென்னையில் நிலைத்தது பின்னதே.

1937 அக்டோபர் 22, 23ஆம் நாள்களில் வார்தாவிற் கூடிய கல்வி மாநாட்டுக்குக் காந்தியடிகள் தலைமை தாங்கினார். ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வாயிலாகக் கற்பித்தல், உற்பத்தி தரும் கைத்தொழில் ஒன்றை நடுவாகக் கொள்ளல், ஆசிரியர் ஊதியத்தை இம்முறை நாளடைவில் ஈடுசெய்யும் என எதிர்பார்த்தல் என நான்கு முடிவுகள் மேற்கொள்ளப்பட்டன. பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவில் தமிழர் இருவர் இருந்தனர் என்பது நம்மவர் பலர் அறியாதது. குழுவைக் கூட்டும் பொறுப்பேற்ற ஆரியநாயகம் யாழ்ப்பாணத்தவர். தாகூரின் சாந்திநிகேதனிற் பணியாற்றிய பின் வார்தாவுக்கு வந்தவர். மற்றவர் தஞ்சையிற் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா.

குழுவின் அறிக்கை அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. நாள்தோறும் ஐந்தரை மணி நேரப் பள்ளி, அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம், இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம், தாய்மொழிக்கு 40 நிமிடம், சமூக இயலுக்கும் பொது அறிவியலுக்கும் 30 நிமிடம், உடற்பயிற்சிக்கு 10, இடைவேளைக்கு 10. பள்ளி நேரத்தின் ஐந்தில் மூன்று பங்கு தொழிலுக்கே போயிற்று. தொழிலின் வாயிலாகவே பிற பாடங்களும் கற்பிக்கப்படும். ஆதலின் அந்நேரம் முழுதும் தொழிற்கு மட்டும் ஆவதன்று என்பது குழுவினர் தந்த விளக்கம். பஞ்சின் வரலாற்றிலிருந்து நிலநூலும், நூலின் அளவிலிருந்து கணக்கும் கற்பித்தல் எளிதே. இராட்டையிலிருந்து மொழிக்கும் இலக்கியத்துக்கும் வழி காண்பது அத்துணை எளிதன்று. தமிழாசிரியன் என்னும் முறையில் அந்த 40 நிமிடத்தைக் கண்டு எனக்கு நிறைவு தோன்றவில்லை.

பொருட்கணக்கைச் சற்று நோக்குவோம். ஆசிரியரின் ஊதியம் இயலுமாயின் 25 ரூபாய், 20 ரூபாய்க்குக் குறைதல் ஆகாது. வகுப்பில் மாணவர் 30 பேருக்கு மேற்படலாகாது என்பன வார்தாத் திட்டத்தின் அளவுகள். முப்பதின்மரும் சேர்ந்து 25 ரூபாயை ஈட்ட வேண்டுமாயின் ஒருவன் திங்களுக்கு 13 அணா 4 பை ஈட்டுதல் வேண்டும். நிலம், கட்டடம், கருவி ஆகியவற்றின் செலவை அரசு ஏற்கும். ஏழு வயதுச் சிறுவன் இவ்வளவு ஈட்ட மாட்டான். அவன் குறையைப் பதினான்கு வயதினன் நிரப்புவான். ஏழாண்டையும் ஒருசேர நோக்கிற் கணக்குச் சரியாகும் என்பது எதிர்பார்ப்பு. அறிக்கையின் பிற்சேர்க்கையில் நூற்றல், நெய்தலின் வருவாய் ஆண்டுவாரியாகக் கணக்கிடப்பட்டுள்ளது. தாளில் அக்கணக்குத் தவறுடையதன்று. ஆயின் அது ஈரிடத்தில் இடர்ப்படும். மாணவர் இடையிற் பள்ளியை விட்டு நீங்குவராயின், இழப்புத் தரும் கீழ்வகுப்புகளே மிகுந்து, வருவாய் தரும் மேல்வகுப்புகள் குறையும். நம் ஊர்ப் பள்ளிகளில் அந்நாளில் நிகழ்ந்தது அதுவே. மற்றொன்று, உண்டாக்கிய பொருளை வாங்குவார் யார் என்பது.

இரண்டாம் வினாவை மாநாட்டிலேயே எழுப்பியவர் பொருளியல் பேராசிரியர் கே. டி. ஷா. பள்ளிகளின் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரின், அதே தொழிலால் வாழும் ஏழைத் தொழிலாளரோடு பிள்ளைகள் போட்டியிட நேரும். அரசே வாங்கிக் கொள்ளின் அது வேறு பெயரால் வரும் அரசுச் செலவேயன்றித் தற்சார்பு ஆகாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஜாகிர் உசேனும் தற்சார்பை அளவுக்கு மீறி வலியுறுத்துவதன் தீங்கை எடுத்துரைத்தார்; ஈட்டவேண்டிய தொகையே குறியாகுமாயின் ஆசிரியன் வேலை வாங்கும் கங்காணியாகி விடுவான் என அஞ்சினார். அவர் தலைமையில் எழுந்த அறிக்கையும், பொருள்வருவாய் நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடக் கூடும் என்று எச்சரிக்கின்றது. திட்டத்தின் எதிரிகள் சொல்லியதன்று இது. அதை வகுத்தவரே சொல்லியது.

காந்தியடிகளின் உள்ளக் கருத்து யாது? பொருட்குறை ஒன்றே அவரைத் தூண்டியதென்று கொள்வது அவருக்கு நீதி செய்வதாகாது. கையால் உழைப்பவன் தாழ்ந்தவன், ஏட்டைப் பிடிப்பவன் உயர்ந்தவன் என்னும் எண்ணத்தைப் பள்ளியிலேயே வேரறுக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். மாணவன் செய்யும் பொருள் விலைபோகும் தரத்தில் அமைதல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது, விளையாட்டு வேலையை மெய்யான வேலையாக்கும் உரைகல்லாகவே. இம்மட்டில் அவர் கூற்று மறுக்க இயலாதது. விலைபோகாத பொருளைச் செய்யப் பழகுபவன் தொழில் கற்றவன் ஆகான். எனினும், உரைகல்லாகக் கொண்ட விலையை ஊதியத்துக்கு வழியாகவும் கொண்டதில் சிக்கல் பிறந்தது. மாணவன் தற்சார்புடையவனாதல் என்னும் பொருளும், பள்ளி தற்சார்புடையதாதல் என்னும் பொருளும் ஒரு சொல்லுக்குள் ஒளிந்து ஒன்றையொன்று நெருக்கின.

காங்கிரசு தானும் இதனை உணர்ந்தது போலும். 1938 பிப்ரவரியில் ஹரிபுராவில் அது கல்வி பற்றி நிறைவேற்றிய தீர்மானம் வார்தா மாநாட்டின் முதல் மூன்று முடிவுகளை ஏற்று, ஆசிரியர் ஊதியம் பற்றிய நான்காவதைக் கூறாது விட்டது. 1944இல் வெளிவந்த சார்ஜண்ட் அறிக்கை வெளிப்படையாகவே மறுத்தது: மாணவர் செய்யும் பொருளின் விற்பனை, தொழிற்பயிற்சிக்கு வேண்டும் கூடுதற் கருவி, மூலப்பொருள் ஆகியவற்றின் செலவை ஈடுசெய்தால் அதுவே மிகுதி என்றது. அடுத்த ஆண்டு சனவரியிற் சேவாகிராமத்திற் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் தம் கல்வியை வாழ்நாள் முழுவதற்கும் விரித்தார். ஏழாண்டுப் பள்ளிக்குப் பிந்திய மேனிலை ஆதாரக் கல்வியிலேயே முழுத் தற்சார்பை எதிர்பார்க்கலாம் என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. வளர்ந்த மாணவர் தம் உணவையும் உடையையும் தாமே ஆக்கிக் கொள்வது சிறுவரின் உழைப்பை விற்பதினும் வேறானது, ஏற்கத்தக்கது.

இக்கருத்துக்கு நல்ல விளக்கம் குமரப்பாவின் எழுத்துகளிற் கிடைக்கின்றது. அவர் சிறையிலிருந்து எழுதி 1945இல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல், அழிப்பதை மட்டுமே அறிந்த வாழ்வையும் ஆக்கிப் பகிரும் வாழ்வையும் வேறுபடுத்துகின்றது. அளவுடைமை என்பது அவர் நோக்கில் வறுமையன்று. தேவை இன்னதென்று அறிந்து அதற்கேற்ப ஆக்குதல். அவர் தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் 1940இல் நிறுவப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்திற் கழித்து, 1960 சனவரி 30ஆம் நாள் மறைந்தார்.

தமிழகத்தில் ஆதாரக் கல்விக்குத் துணைநின்ற இடங்கள் சில உண்டு. கோவையில் 1930இல் அவினாசிலிங்கம் தொடங்கிப் பின் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்த இராமகிருஷ்ண வித்தியாலயம் ஒன்று. அவர் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்தமையால் ஆதாரப் பள்ளிகளும் ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளும் அரசின் ஆதரவைப் பெற்றன. திண்டுக்கல்லை அடுத்து 1947இல் சௌந்திரமும் அவர் கணவர் கோ. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் மற்றொன்று. அது 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்விடங்களில் நிலம் இருந்தது, தறி இருந்தது, உறைவிடம் இருந்தது, ஆசிரியரும் மாணவரும் உடனுறைந்தனர். ஆதலின் தற்சார்பு ஓரளவு மெய்யாயிற்று. பிற ஊர்களில் ஆதாரப் பள்ளி என்று பெயர்ப்பலகை மாறியதே மிகுதி. தக்களி கொடுக்கப்பட்டது; பஞ்சு காலத்தில் வாராது; நூற்ற நூல் நெய்யப்படாது மூலையிற் கிடக்கும். பயிற்சி பெறாத ஆசிரியருக்கு அது ஒரு பாடவேளை, அவ்வளவே. கோ. இராமச்சந்திரன் தலைமையில் நடுவண் அரசு அமைத்த மதிப்பீட்டுக் குழு 1956இல் பல மாநிலங்களின் ஆதாரப் பள்ளிகளை நேரிற் கண்டு இத்தகைய குறைகளை எடுத்துரைத்தது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஆதாரப் பள்ளிகள் பெரும்பாலும் சிற்றூர்களிலேயே தோன்றின. நகரத்து உயர்நிலைப் பள்ளிகள் பழைய வழியிலேயே நடந்தன. அரசு அலுவலுக்கும் கல்லூரிக்கும் வழி அவ்வுயர்நிலைப் பள்ளி வாயிலாகவே சென்றது. அதிகாரியின் மகன் ஏட்டுக் கல்வி கற்க, உழவன் மகன் மட்டும் நூல் நூற்றுத் தற்சார்பு எய்துக என்றால், அவ்வுழவன் ஐயுறுவதில் வியப்பில்லை. தம் பிள்ளைகளை அங்கு அனுப்பாதவர் அதனை ஊரார்க்குப் பரிந்துரைத்தனர். பெல்லின் முறை இங்கிலாந்தில் அடைந்த நிலை இங்கு ஆதாரக் கல்விக்கு நேர்ந்தது.

இந்த ஐயம் முதிர்ந்திருந்த வேளையில் 1953ஆம் ஆண்டு இராஜாஜி தொடக்கக் கல்வித் திருத்தத் திட்டத்தைக் கொண்டு வந்தார். சிற்றூர்ப் பள்ளிகளில் ஒரு மாணவன் நாள்தோறும் மூன்று மணி நேரம் பயில்வான். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலை அவரோடிருந்து கற்பான். மாணவர் இரு பகுதியினராக வருவதால் அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இருமடங்கு பிள்ளைகளுக்கு இடந்தரலாம். பொருட்குறைக்குக் கண்ட வழி என்னும் அளவில் இதுவும் 1937இன் மரபினதே. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும், காங்கிரசிலேயே பலரும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று சாடினர். ஆராய்ந்து கூறுமாறு அமைக்கப்பட்ட பருலேகர் குழு அவ்வாண்டு நவம்பரில் திட்டத்துக்குப் பொதுவாக இசைவு தெரிவித்தும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1954 ஏப்ரலில் இராஜாஜி விலகக் காமராசர் முதலமைச்சரானார். மே 18ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டதாகக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் அறிவித்தார்.

இது ஆதாரக் கல்வியின் ஒரு வடிவமே என்பாரின் கூற்று பொருந்தாது. ஆதாரக் கல்வியில் தொழில் பள்ளிக்குள் நடக்கும். எக்குலத்துப் பிள்ளையும் ஒரே தொழிலை ஓராசிரியரிடம் ஒருங்கே கற்பான். பார்ப்பனச் சிறுவனும் தறியில் அமர்வான், கழிவறை தூய்மை செய்வான். 1953இன் திட்டம் தொழிலைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிற்று. வீட்டுக்கு அனுப்பிய அந்நொடியிலேயே அது குலத்தொழிலாயிற்று. நம் நாட்டில் வீட்டுக்கு ஒரு தொழிலன்று, குலத்துக்கு ஒரு தொழில். வண்ணார் மகன் வெளுக்கவும், மயிர்வினைஞர் மகன் கத்தி பிடிக்கவும் திரும்பிச் செல்ல, நிலமும் கல்வியும் உடையவன் மகன் எஞ்சிய நேரத்தில் வீட்டிலும் ஏடு பயில்வான். திட்டம் வகுத்தவரின் நோக்கம் எதுவாயினும் விளைவு இதுவே ஆகியிருக்கும். ஆயினும், இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பாரையும் உடன்பட இயலாது. பள்ளிச் செலவின் குறையை ஏழைப் பிள்ளையின் நேரத்தால் நிரப்பலாம் என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொதுவானது. வார்தாவில் அந்நேரம் நூலாக மாறி ஊதியமாக வேண்டியிருந்தது. சென்னையில் அந்நேரம் குறைக்கப்பட்டே சேமிப்பாயிற்று. ஜாகிர் உசேன் அஞ்சியதன் எல்லை 1953இல் தெரிந்தது.

1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழு, ஆதாரக் கல்வியைத் தனியொரு வகையாக வைக்காது, அதன் கொள்கைகளை எல்லாப் பள்ளிகளுக்கும் உரியவாக்கி, உழைப்பு அனுபவம் என்னும் பெயரால் ஒரு கூறாக்கிற்று. தற்சார்பு என்னும் பேச்சு அத்துடன் அரசின் திட்டங்களிலிருந்து பெரிதும் மறைந்தது. சேவாகிராமத்தின் ஆனந்த நிகேதன் பள்ளி 2005இல் மீண்டும் தொடங்கப்பட்டது. தோட்டமும் நூற்பும் சமையலும் அங்கே பாடங்களாக உள்ளன, ஆசிரியர் ஊதியத்துக்கு வழியாக அல்ல.

தமிழகத்தில் 1954க்குப் பின் வேறொரு போக்கைக் காண்கிறோம். காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவு முதலில் ஊரார் கொடையை நம்பி நடந்தது. பின்னர் அரசு பங்களித்தது. 1958 முதல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நிலம், கட்டடம், நாற்காலி, கரும்பலகை, சீருடை எனப் பலவும் தந்தனர். திண்ணைப் பள்ளிக் காலத்தைப் போல ஊரே பள்ளியைத் தாங்கிற்று எனலாம்; ஆயின் இம்முறை சம்பளம் தர இயலாதவன் பிள்ளை வெளியில் நிற்கவில்லை, உண்பதற்கென்றே உள்ளே வந்தான். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவுத் திட்டத்தோடு உணவுச் செலவை அரசு ஏற்றது. வார்தாவின் கணக்கில் பிள்ளையின் கையிலிருந்து பள்ளிக்குச் சென்ற பொருள், இங்கே பள்ளியிலிருந்து பிள்ளையின் தட்டுக்குத் திரும்பிற்று.

1937இல் காந்தியடிகளைத் தூண்டிய மற்றொரு செய்தி எஞ்சியுள்ளது. 1948இல் சென்னை மாகாணம் முழுதும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டு வந்து 1981இல் மீண்டும் நீங்கிற்று. 1983இல் தொடங்கிய அரசு வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகின்றது. அவ்வருவாய் சேரும் கருவூலத்திலிருந்தே பள்ளிக்கும் சத்துணவுக்கும் பணம் வருகின்றது.